கடைசியாக வரும் வெளிச்சம்

நவம்பர் 11
முந்தாநாள் அடித்த பேய்க்காற்றில் எங்கள் தெரு மின்கம்பங்கள் அத்தனையும் முறிந்து கிடக்கின்றன. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் இல்லை. என் தையல் மெஷினும் மூடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் லைன்மேன்!

காலையில் வந்தவர் நின்றபடியே சாப்பிட்டார். "நம்ம தெரு எப்போங்க?" என்றேன்.

"கடைசியா. சொந்தத் தெருவை முதல்ல பார்த்தா நாலு பேர் என்ன பேசுவாங்க? எங்க ஆளுங்க எல்லாருக்கும் இதே வழக்கம்தான்."

கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் கடைசி.

நவம்பர் 12
மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. பக்கத்துத் தெரு அடிபம்பிலிருந்து குடம் குடமாக அவளுக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். வழியில் மருந்துக்கடைக்காரர், என் காதில் விழட்டும் என்றே, "லைன்மேன் இருக்கிற தெருன்னு பேருதான் பெத்த பேரு" என்றார். குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடையைக் கட்டினேன். எனக்கும் அதே கோபம்தானே?

நவம்பர் 13
என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்குகிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். தூங்கினீங்களா என்றால், லாரியில தூங்கினேன் என்கிறார். பொய்! இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிக் கம்பம் ஏறுவாரு இந்த மனுஷன்? கால் சறுக்கினா என் கதி? தெருவாவது, கரண்டாவது — ஆள் முழுசா வீடு வந்தா போதும் எனக்கு.

நவம்பர் 14
இன்று சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. மருந்துக்கடைக்காரர் தலைமையில் ஒரு கூட்டம் என் வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்கக் கிளம்பியது. அவருக்காகப் பரிந்து பேச நானும் பின்னாலேயே ஓடினேன். போய்ப் பார்த்தால், நான்கே பேர் ஒரு கம்பத்தைக் கயிறு கட்டி நிமிர்த்த முடியாமல் திணறுகிறார்கள். இவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏன் சும்மா நிக்கிறீங்க? கயித்தைப் பிடிங்க!" என்று கத்தினார்.

சண்டைக்குப் போனவர்கள் மதியம் வரை கயிறு இழுத்தார்கள். மருந்துக்கடைக்காரருக்குச் சட்டை கிழிந்தது. "ஏம்மா, இதைக் கொஞ்சம் தைச்சுக் குடேன்" என்று என்னிடமே நீட்டினார். கையாலேயே தைத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 15
நாமே குழி வெட்டி வைத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று தெருவே கடப்பாரையோடு இறங்கியது. மாடி வீட்டுப் பெண் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு மண் அள்ளினாள். சாயங்காலம் அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுல கம்பம் நடணுமா, இறங்கிக் குளிக்கணுமா?"

அவ்வளவு அகலம்! அதில் ஒன்று மருந்துக்கடை வாசலுக்கு நேர் எதிரே. "அண்ணே, மருந்து வாங்க வர்றவங்க தாண்டிக் குதிக்கணுமா?" காற்றுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். எல்லாவற்றையும் மூடிவிட்டு, அவர் கோடு போட்ட இடத்தில் மறுபடி வெட்டினோம்.

நவம்பர் 16
கை காப்புக் காய்த்துவிட்டது.

நவம்பர் 17
மற்ற தெருக்கள் முடிந்து இன்று எங்கள் முறை. கயிறு இழுக்கப் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்துவிட்டார்கள். கடைசிக் கம்பத்தில் அவர் ஏறி இறங்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் வந்தது. தெருவே ஓவென்று கத்தியது. டிவி, மிக்சி, மோட்டார் எல்லாம் ஒன்றாக அலறின. நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் மனுஷன் வாசல் நாற்காலியிலேயே, ஷூவைக்கூடக் கழற்றாமல், தூங்கிவிட்டார். தெருவிளக்கு நேராக முகத்தில்.

மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்தார். போய்க் கம்பத்தில் இருந்த சுவிட்சைத் தட்டித் தெருவிளக்கை அணைத்தார். பிறகு ஒவ்வொரு டிவியாக அடங்கியது. மாடி வீட்டு விளக்கு அணைந்தது. அப்புறம் எதிர்வீடு, அதற்கடுத்த வீடு, கடைசி வீடு வரை.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.