வாசலில் இல்லாத ட்ராலி

அடி வசந்தா, என் வாயாடித் தங்கமே,

நேற்று நான் கையெழுத்துப் போடவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இன்னும் இரண்டு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் நம் சர்ஜன், பெரிய டாக்டர், அஞ்சலை கேஸைத் தூசி தட்டி எடுத்துவிட்டார். 'குப்புறப் படுத்திருந்த நோயாளிக்கு டாக்டர் வசந்தா தன்னிச்சையாக மாஸ்க் போட்டது பொறுப்பற்ற செயல்' என்று ஆஸ்பத்திரி கமிட்டிக்கு ஓர் அறிக்கை. அதற்குச் சாட்சிக் கையெழுத்து நானாம்! செத்தவள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்ற தைரியம். உன்னை அவருக்குத் தெரியவே இல்லை, பார்.

அன்றைக்கு நீ மயக்கம் கொடுக்க, அஞ்சலைக்கு முதுகெலும்பு ஆபரேஷன். பட்டினப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை மீன் கூடை சுமந்து தேய்ந்த முதுகு. குப்புறப் படுக்க வைத்து முதுகைத் திறந்தாகிவிட்டது. எச்சில் ஊறிப் பிளாஸ்திரி நனைந்து, மூச்சுக்குழாயில் போட்டிருந்த டியூப் வழுக்கி வெளியே வந்துவிட்டது. பக்கத்துத் தியேட்டரில் அடுத்த நோயாளிக்கு மயக்கம் கொடுக்கத் தயாராக இருந்த நான் ஓடி வந்தபோது மானிட்டர் சத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. "திருப்புங்க, திருப்புங்க!" என்று பெரிய டாக்டர் கத்துகிறார். எதன் மேல் திருப்புவது? மல்லாக்கப் போட ஒரு ட்ராலி வேண்டாமா? வாசலில் ட்ராலி இல்லை.

நீ சட்டென்று தரையில் உட்கார்ந்தாய். எப்போதும் தியேட்டருக்குக் கொண்டுவரும் உன் பழைய டிபன் டப்பாவைத் திறந்தாய். அதில் துணி சுற்றி வைத்திருந்தாயே அந்த ஒற்றை மாஸ்க், மூச்சுக்குழாய்க்குள் நுழையாமல் அதன் வாயிலேயே உட்கார்ந்து காற்று கொடுக்கிற புதுச் சாமான். 'வசந்தாவின் பொம்மை' என்று ஊரே கேலி செய்தது. "கவுந்து கிடந்தா நாக்கு தானா முன்னாடி விழுந்து வழி விட்டுடும் அக்கா" என்று கேன்டீனில் நீ சொன்னபோது நானும்தான் சிரித்தேன்.

கீழேயிருந்தபடியே அவள் வாய்க்குள் ஒரே தள்ளு. காற்றுப் பையை அழுத்தினாய். அஞ்சலையின் விலா ஏறி இறங்கியது, மானிட்டர் சத்தம் மேலே வந்தது. "நீங்க வேலையை முடிங்கோ சார், அவளுக்கு மூச்சு போயிண்டிருக்கு" என்றாய். நான் அழுதுவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

நேற்று அஞ்சலை செக்கப்புக்கு வந்திருந்தாள். நீ இல்லை என்றதும் வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அறிக்கை விஷயத்தைச் சொன்னேன். "நான் உசுரோட கீறேன்மா, அதுக்கு இன்னாத்துக்கு கேஸு?" என்று கேட்டாள். 

எதற்கென்று எனக்குத் தெரியும். ட்ராலி இல்லாத பழியை உன் மேல் தள்ளத்தான். ட்ராலி ஏன் வாசலில் இல்லை? கேஸ் தொடங்கியதும் ட்ராலியை அடுத்த நோயாளிக்கு அனுப்பிவிட வேண்டும், நேரம் மிச்சம் என்பது பெரிய டாக்டர் வைத்த வழக்கம். ஆனால் அன்று அதை என் நோயாளிக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னது நான், வசந்தா. உள்ளே குப்புறப் படுத்த கேஸ் நடக்கிறது என்று தெரிந்தே சொன்னேன். அதற்கப்புறம் எத்தனை நாள் உன் தயிர்சாதத்தில் பங்கு வாங்கித் தின்றிருக்கிறேன், வாயைத் திறக்கவில்லையே! உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்காமல் விட்டாயா?

நேற்று அறிக்கையின் பின்பக்கத்தில் அத்தனையையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். "உங்க பேரும்தான் கெடும்" என்றார் பெரிய டாக்டர். "கெடட்டும் சார், அவ பேர் கெடாது" என்றேன்.  

இன்று காலை முதல் கேஸே குப்புறப் படுக்க வேண்டியது. வழக்கம்போல ட்ராலியை எடுக்க வந்தார்கள். நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்! உள்ளே நம் ஜூனியர் மயக்கம் கொடுக்க வேறொரு சர்ஜன் ஆபரேஷன் செய்ய, வெளியே தன் கேஸுக்கு ட்ராலி கேட்டுப் பெரிய டாக்டர் குதிகுதியென்று குதித்தார். கேஸ் முடிகிற வரை இறங்கவே இல்லை. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன் டிபன் டப்பா இப்போது என் பையில், மாஸ்க்கோடு. நான் அங்கே வேலையில் இருக்கும்வரை வாசலில் ட்ராலி நிற்காமல் ஒரு உயிரையும் கவிழ்த்துப் படுக்க விடமாட்டேன். வேலையை விட்டுத் துரத்தினால் அடுத்த ஆஸ்பத்திரியிலும் இதையேதான் செய்வேன். அறிக்கையில் போடாத கையெழுத்தை இங்கே போடுகிறேன்.

ட்ராலியை எடுத்துப் போன உன் அக்கா,
சரோஜா