உயிரோடிருப்பவனுக்காக ஒரு கேள்வி

என் பிரியத்துக்குரிய அத்தாவுக்கு,

ஸலாம். நீங்கள் பதில் சொல்லிவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். உயிரோடு இருந்தபோதும் என் ஸலாத்துக்குத் தலையை மட்டும்தானே ஆட்டுவீர்கள்.

கம்பத்தில் ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்து பகலெல்லாம் தெருக்கதவை அடிக்கிறது. சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்கள் மருமகள் ஜைத்தூன் யாரோ வந்திருப்பதாக நினைத்து எட்டிப் பார்க்கிறாள். நான் பார்ப்பதில்லை. நாங்கள் பயப்படுகிற ஆள் கதவைத் தட்ட மாட்டார். நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்.

அவரை உங்களுக்குத் தெரியாது. உங்கள் காலத்துக்குப் பிறகு நம் தெருவுக்கு வரத் தொடங்கியவர். வட்டிக்குக் கொடுப்பவர். முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை, முதலாளி என்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவார், நாற்காலியில் உட்காருவார், தண்ணீர் கேட்பார், பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். போன மாதம் வந்தவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த உத்தரம் தேக்கா பாய்?"

"ஆமா மொதலாளி. அத்தா காலத்துல மலைக்கு அங்கிட்டிருந்து எறக்குனது."

"நல்லா இருக்கு. கரையான் ஏறாமப் பாத்துக்கங்க."

தன் வீட்டில் குடியிருப்பவனிடம் வீட்டுக்காரர் பேசுகிற பேச்சு அது. அப்படிப் பேச அவருக்கு உரிமையும் இருந்தது. நீங்கள் கட்டிய வீட்டை நான் விற்றுவிட்டேன், அத்தா. விற்கிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

நீங்கள் போனபிறகு நம் பக்கமெல்லாம் திராட்சை வந்துவிட்டது. சுருளிப்பட்டிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் பந்தல்தான். உங்கள் வாழைத் தோட்டத்தை அழித்துவிட்டு நானும் கல் ஊன்றினேன், கம்பி இழுத்தேன். முதல் இரண்டு அறுப்பில் நல்ல காசு பார்த்தோம். அடுத்த அறுப்பை நம்பி மூத்தவளுக்குக் கல்யாணம் வைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் "இத்தனை ஆடு எதுக்குடா, யாருக்குக் காட்டப் போற?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்க ஆளில்லை, நானும் குறைக்கவில்லை.

வியாபாரி லாரி கொண்டுவருவதாகச் சொன்ன வாரத்தில் மழை பிடித்தது. பழமெல்லாம் கொடியிலேயே வெடித்தது. பந்தலுக்கு அடியில் நடந்தால் செருப்பு தரையில் ஒட்டிக்கொண்டது. லாரி வரவில்லை. கம்பி வாங்கிய பாக்கி, மருந்துக்கடைப் பாக்கி, கல்யாணப் பந்தல்காரர் பாக்கி எல்லாம் ஒன்றுசேர்ந்து வாசலில் நின்றது. பாங்கியில் ஏற்கெனவே பழைய கடன் நின்றதால் அங்கே வாய் திறக்க முடியவில்லை. முதலாளியிடம் போனேன்.

நம் தெரு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வட்டி கொடுப்பதும் பாவம், வாங்குவதும் பாவம் என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத் பயான் செய்யும்போது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவன் நான். அதனால் அவர் வீட்டுப் படியில் நின்று இழுத்து இழுத்துப் பேசினேன். என் சங்கடம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எத்தனை பேரைப் பார்த்தவர்!

"ஒங்க மார்க்கத்துல வட்டி ஆகாதுல்ல பாய்? அந்தப் பேச்சே பத்தரத்துல வேணாம். வீட்டக் கிரயமா எழுதிக் குடுத்துருங்க. மாசாமாசம் குடுக்குறத வாடகைன்னு வச்சுக்கிருவோம். மொதலக் குடுத்த அன்னிக்கே திருப்பி எழுதித் தாறேன்."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பணமும் கிடைக்கிறது, பாவமும் இல்லை. பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன், வடையும் தின்றேன். வட்டி என்று எழுதக் கூச்சப்பட்டு, வீட்டையே எழுதிக்கொடுத்துவிட்டு வடை தின்ற மடையன் கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று பின்னால் பலநாள் நினைத்துக்கொண்டேன். அதிலும் ஏமாந்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

வாடகை ஏறிக்கொண்டே போனது. பிந்தினால் வாடகைக்கு ஒரு வாடகை. ஜைத்தூனிடம் கிரயத்தைப் பற்றிச் சொல்லவில்லை, முதலாளியிடம் சின்னக் கைமாற்று வாங்கியிருப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். அவள் கழுத்தில் இருந்தது, காதில் இருந்தது எல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லி வாங்கிப் போனேன். கடைசியாக முதலாளி வந்தபோது கூடவே ஓர் ஆளும் வந்தான். வாசலிலிருந்து கொல்லை வரை காலால் அளந்துகொண்டு நடந்தான். அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஜைத்தூனைச் சுற்றிக்கொண்டு போய் அளந்தான். மாதக் கடைசிக்குள் சாவி வேண்டும் என்று முதலாளி என் காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

"யாருங்க அந்தாளு?" என்றாள் ஜைத்தூன்.

"வெள்ளையடிக்கிற ஆளு. நோம்புக்கு முன்னால அடிச்சுரலாம்னு."

அவள் சந்தோஷப்பட்டாள், அத்தா. அடுப்படிக்குக் கொஞ்சம் நீலம் கூடக் கலக்கச் சொன்னாள்.

மறுநாள் ஒரு பையில் இரண்டு கைலியை வைத்துக்கொண்டு குமுளி பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். மலைக்கு அந்தப் பக்கம் ஏதாவது எஸ்டேட்டில் போய் விழுந்துவிடலாம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. அதை எழுத மாட்டேன். தகப்பனுக்குப் புரியும்.

பஸ் வந்தது. ஏறவில்லை. தைரியத்தால் அல்ல. உங்கள் ஜனாஸா அன்று நடந்தது அந்தப் படிக்கட்டில் கால் வைக்கும்போது ஞாபகத்துக்கு வந்தது.

உங்களைக் கிடத்தித் தொழுகைக்கு வரிசை நின்ற பிறகு, வழக்கப்படி உங்கள் தம்பி, என் சின்னத்தா, முன்னால் வந்து கேட்டார். "எங்கண்ணனுக்கு யார்ட்டயாச்சும் குடுக்கல் வாங்கல் இருந்தா இப்பவே சொல்லீருங்க. நாங்க பொறுப்பு. முடிஞ்சவுக மன்னிச்சு விட்டுருங்க." சம்பிரதாயத்துக்குக் கேட்கிற கேள்விதானே, யார் வரப்போகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். உரக்கடைக்காரர் வந்தார். மாட்டு வியாபாரி வந்தார். வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திடீரென்று போய்விட்டீர்கள் என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். திடீரென்று இல்லை என்பதும், கடைசி நாட்களில் வாழைத் தோட்டத்தில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்தது எதற்கு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் கூட்டாளி மீரான் மாமா உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு உங்களைத் திட்டினார். "இம்புட்டுப் பேர்ட்ட வாங்கிருக்கானே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா? உசுரோட கேட்டிருந்தா இவன விட்டிருப்பமா?" திட்டிக்கொண்டே அழுதார். கொஞ்சப் பேர் அங்கேயே மன்னித்தார்கள். மிச்சத்தைச் சொந்தக்காரர்கள் பங்கு போட்டு அடைத்தார்கள். உங்களுக்கு அதில் என்ன பிரயோஜனம்? ஏன் அத்தா சொல்லவில்லை? மானம் என்றா? யாருடைய மானம்?

வீட்டுக்குத் திரும்பி வந்து ஜைத்தூனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளையடிக்கிற ஆள் யார் என்பதையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைத் தூக்கி என்மேல் எறிந்தாள். தலையெல்லாம் அரிசி. அப்புறம் பையைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு கைலி இருப்பதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வீடு போனா வாடகைக்குப் போவோம். நீங்க போயிட்டா நான் எங்கன போவேன்? சின்னத்தாட்டப் போங்க. இப்பவே போங்க."

சின்னத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "என்னடா, ஒங்கத்தா பேசுற மாதிரியே பேசுற? என்ன சங்கதி?" என்றார். சொன்னேன். அத்தாவுக்காகக் கேட்ட கேள்வியை எனக்காகவும் கேளுங்கள் என்றேன்.

"உசுரோட இருக்கவனுக்கு அதக் கேக்குறது வழக்கமில்லடா."

"செத்து மையத்தா ஆனப்பறம் கேட்டு என்ன செய்யப் போறீக?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். "இது மையத்துக்குக் கேக்குற கேள்வி. எங்கண்ணன் மகன் உசுரோடதான் நிக்கிறான். உசுரோட இருக்கட்டும்னுதான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பேசச் சொன்னார். நான் பேசினேன். வட்டி என்ற வார்த்தையை அந்தப் பள்ளிவாசலுக்குள் நின்று என் வாயால் சொன்னேன்.

முன்வரிசையிலிருந்து ஒருவர், "தெரிஞ்சே வாங்குனவனுக்கு இங்கன வந்து என்ன பேச்சு?" என்றார். நான் உட்காரப் போனேன். ஹஜ்ரத் கையைக் காட்டி நிறுத்தினார். "வட்டி பாவம்னு நாந்தான் சொன்னேன். கஷ்டத்தச் சொல்றது பாவம்னு எப்ப சொன்னேன்?" என்றார். முன்வரிசை முகங்களைப் பார்த்தேன், யாரும் எனக்கு உதவப் போவதில்லை என்றே நினைத்தேன்.

அப்போது பின்வரிசையில் தையற்கடை அப்பாஸ் எழுந்தான். "நானும் வீட்ட எழுதிக் குடுத்திருக்கேன். அதே மொதலாளிதான். எனக்கும் வாடகைன்டுதான் சொன்னாரு" என்றான். அவன் உட்காருவதற்குள் இன்னொருவர் எழுந்தார். அப்புறம் ஒருவர். தலை குனிந்துகொண்டே எழுந்தார்கள், பெயரைச் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவரும் எழுந்தார். நம் தெருவில் பாதி வீடு நம்முடையது இல்லை, அத்தா. ஒருவருக்கொருவர் தெரியாமல் எல்லோரும் தனித்தனியாக வடை தின்றிருக்கிறோம்.

செய்தி சாயங்காலத்துக்குள் பரவிவிட்டது. அடுத்த தெரு முருகேசன் வந்தான். வட்டி ஆகாது என்று அவனுக்கு எந்த மார்க்கமும் சொல்லவில்லை. அவனும் கிரயம்தான் எழுதியிருக்கிறான், அவனிடம் முதலாளி வேறு கதை சொல்லியிருக்கிறார். உத்தமபாளையத்து வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். "ஒத்த ஆளா வந்திருந்தா நான் ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டேன். இத்தனை பேரும் ஒரே மாதிரி எழுதிக் குடுத்திருக்கீகன்னா பேசிப் பாக்கலாம். ஆனா ஒருத்தர் விடாம வரணும், ஒருத்தர் பின்வாங்குனாலும் அதப் பிடிச்சுக்கிருவாரு" என்றார். ஜெயிப்போம் என்று சொல்லவில்லை. நாளைக் காலையில் சின்னத்தா, ஜமாஅத் தலைவர், முருகேசன் எல்லோருமாக முதலாளி வீட்டுக்குப் போகிறோம்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, துஆச் செய்யுங்கள் என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இப்போது இப்ராஹிமின் மனைவி வந்து நிற்கிறாள். நம் தோட்டத்துக்கு அடுத்த பந்தல் இப்ராஹிமுடையது, உங்கள் கைக்குள் வளர்ந்த பையன்தான். வெள்ளிக்கிழமை அத்தனை பேர் எழுந்தபோது அவன் மட்டும் எழவில்லை. பாயிலிருந்து கோரையைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனும் எழுதிக்கொடுத்தவன் என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணே, மதியம் மொதலாளி வந்தாரு. 'நீங்க நல்ல மனுசன், அந்தக் கூட்டத்துல சேரல, ஒங்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் கூடத் தாறேன்'னு சொல்லிட்டுப் போனாரு. அதுலருந்து இவுக பந்தலுக்குள்ள போயி ஒக்காந்திருக்காக. சோறு கொண்டு போனேன், திரும்பிக்கூடப் பாக்கல. பேச மாட்டேங்கிறாக. எனக்குப் பயமா இருக்குண்ணே."

அவள் இடுப்பில் இருக்கிற பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஜைத்தூன் என் செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டாள்.

நான் கிளம்புகிறேன், அத்தா. போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். என்னைத் திட்டுவான், எழுந்து போடா என்பான். அவன் வாயைத் திறந்து சொல்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். விடிந்தாலும் சரி. நாளைக்கு முதலாளி வாசலுக்கு அவனையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் போவேன். வீடு கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருந்த மாதிரி இந்தத் தெருவில் இனி ஒருவரையும் தனியாக உட்கார விட மாட்டேன். இது உங்கள்மேல் வைக்கிற சத்தியம்.

இன்று வரைக்கும் உங்கள் வீட்டில் குடியிருக்கும்
உங்கள் மூத்த மகன்,
காதர்