நெஞ்சுவலியில் சொன்னது

தங்கச்சிக்கு,

அன்புள்ளன்னு போட இன்னும் கை வரல.

அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல நெஞ்சை இறுக்கிப் பிடிச்சப்போ, தையல் கடைச் சாவியை உன் கையில திணிச்சு, "எல்லாத்தையும் மன்னிச்சிட்டேண்டி"ன்னு சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கிறேன். சாகப் போறேன்னு நினைச்சுச் சொன்னது அது. இதயம் குண்டுக்கல்லாட்டம் இருக்காம். வருஷக்கணக்கா மெஷின்ல குனிஞ்சே தைச்சு, கழுத்துல நரம்பு நசுங்கி, அந்த வலிதான் நெஞ்சுக்கு வந்திருக்கு. டாக்டர் சிரிக்கிறார். எனக்குத்தான் மானம் போகுது.

கூடவே தைச்சிட்டிருந்துட்டு, என்னை அம்போன்னு விட்டு எதிர்லயே தனிக்கடை போட்டவ நீ. அதை மறக்கல.

நேத்து உன் மாமா கடைப்பக்கம் போயிட்டு வந்து சொன்னார். உன் கடையைச் சாத்திட்டு என் ஆர்டரைத் தைக்கிறியாம். அக்கா இனிமே குனியக் கூடாதுன்னு, என் மெஷின் மேஜைக்கு அடியில மரக்கட்டை வெச்சு உசத்தியிருக்கியாம். யாரைக் கேட்டுடி வெச்சே? அதைக் கேட்டதுல இருந்து என்னால உக்கார முடியல, படுக்க முடியல. டாக்டர் மாட்டிவிட்ட பட்டைக்குள்ள கழுத்து வேற அரிக்குது.

திங்கக்கிழமை வர்றேன். சாவியை எடுத்து வை. கட்டையை எடுத்துடாதே. உன் மெஷினுக்கும் அதே மாதிரி வாங்கி வை. என் கடையில அது இருந்த இடம் இன்னும் காலியாத்தான் கிடக்கு.

கழுத்துப் பட்டையோடு,
உன் அக்கா