ஊடு என்றொரு குறி

ஜூன் 3, செவ்வாய்

பக்கங்கள் வந்துவிட்டன. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, கூட வேலை செய்கிற என் ஊர்க்காரி ரம்யாவின் போனில் திறந்து காட்டினேன். தயிர் சாதம் வாயில் இருக்க, இடது கை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

எங்கள் கம்பெனி சின்னது. தகடு வெட்டுகிற, வளைக்கிற பிரஸ் மெஷின்களுக்கு கன்ட்ரோல் புரோகிராம் எழுதித் தருகிறோம். கோட் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பகுதிக்கு மேலும் ஒரு குறிப்பு எழுதி வைப்பார்கள்: இது எதற்கு, எதைத் தொடக்கூடாது, மெஷின் ஏன் நின்றுவிடும். அந்தக் குறிப்பு கோட்டுக்குள்ளேயே கிடந்து சாகும். மெஷின் ஓட்டுகிறவனுக்குப் போய்ச் சேராது. அவனுக்கென்று இங்கிலீஷில் ஒரு தடிப் புத்தகம் கொடுப்போம். அதை அந்தத் தொழிற்சாலை மேனேஜர் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார்.

நான் செய்தது இவ்வளவுதான். குறிப்புகளைத் தமிழில் எழுத வைத்தேன். முன்னால் @காரணம், @எச்சரிக்கை என்று ஒரு குறி. என் புரோகிராம் கோட் முழுக்கத் துழாவி, குறிகளைப் பார்த்து, குறிப்புகளைத் திரட்டி இணையப் பக்கமாக்கிவிடும். எச்சரிக்கை என்றால் சிவப்புக் கட்டத்துக்குள் வரும். மெஷின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போன் கேமராவில் காட்டினால் அந்த மெஷினுக்கான பக்கம் திறக்கும்.

"இன்னாடி மெர்சி, நம்ம கோட்டுக்கு ஜாதகம் எழுதி வச்சுகிற" என்றாள் ரம்யா.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்ததிலிருந்து ஸ்டீவனுக்கு இதே பேச்சு. அவன் வேலை செய்கிற தகடு கம்பெனியில்தான் முதலில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். கான்ட்ராக்ட் ஆள், பிரஸ் ஆபரேட்டர், என் அண்ணன்.

"மெஷின் நின்னா மெயின்டனன்ஸ்காரன் கால்ல வுழணும். இப்ப நானே பாத்துக்கிறேன். பசங்களாண்ட சொல்லிட்டேன், எங்க தங்கச்சி போட்டது, அதுல இருந்தா இருக்குது, இல்லன்னா இல்ல."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மீன் குழம்பில் பெரிய துண்டு எனக்கு வந்தது.

ஜூன் 12

வெங்கடேசன் சார், எங்கள் முதலாளி, காலையிலேயே எல்லாரையும் நிற்க வைத்துவிட்டார். ரம்யா எப்போதோ கோட்டில் எழுதிய ஒரு குறிப்பு பக்கத்தில் வந்துவிட்டது: "இந்தக் கம்பெனி புரொடக்‌ஷன் மேனேஜர் காலையில் ஒன்று சொல்வார், சாயங்காலம் ஒன்று சொல்வார். தலையை ஆட்டவும். செய்ய வேண்டாம்." ஸ்டீவன் கம்பெனியின் அந்த மேனேஜரே படித்துவிட்டார்.

திட்டு வாங்கி வெளியே வந்ததும் சிரிப்பு தாங்கவில்லை எங்களுக்கு. ரம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஊட்டு சண்ட தெருவுக்கு வந்தா இப்டிதான். உள்ளயே தங்குற மாதிரி ஒரு குறி குடுடி."

கொடுத்தேன். @ஊடு. அதற்குக் கீழே எழுதியது எதுவும் பக்கத்துக்குப் போகாது. வீட்டை ஊடு என்பாள்; குறிக்கும் அவள்தான் அந்தப் பேர் வைத்தாள்.

ஜூன் 22

ரம்யா வீட்டில் அவள் அத்தைக்கு வளைகாப்பு. வீரராகவன் — அவள் அப்பா — "வாம்மா, உள்ள வா" என்றார். கூடத்தில் நாற்காலி போட்டு காபி கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் பாதி நிலம் அவருடையது, அம்மா வருஷக்கணக்காக நாற்று நட்ட நிலம். நான் முன்வாசல் வழியாகப் போகிறேன். அம்மா கூலி வாங்கப் போனால் இன்றும் பின்பக்கம்தான். டிப்ளமா படித்தால் வாசல் மாறும்போல. இதை ரம்யாவிடம் சொன்னதில்லை. அவள் நல்லவள், அவள் மனசு கஷ்டப்படும் என்று.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்டீவன் கம்பெனியிலிருந்து புகார். அங்கே ஒரு பிரஸ்ஸுக்கு முன்னால் லைட் கர்ட்டன் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள். கை குறுக்கே போனால் பிரஸ் அப்படியே நிற்க வேண்டும். எண்ணெய்ப் புகையும் தூசியும் மறைத்தாலும் நின்றுவிடுகிறதாம். உற்பத்தி குறைகிறதாம். கர்ட்டன் கண்ணாடியைத் துடைக்க ஓர் ஆள் போட மாட்டார்கள், அதற்கு ஆள் கிடையாது. கோட்டில் மாற்றச் சொல்கிறார்கள்: கொஞ்ச நேரம் மறைத்த பிறகு நின்றால் போதும்.

கொஞ்ச நேரம் என்றால் இமைக்கிற நேரம். அதற்குள் பிரஸ் டை மேல், தகடு வைக்கிற அச்சின் மேல், இறங்கிவிடும்.

வேண்டாம் என்றேன். "கஸ்டமர் கேக்கறாரு, நம்ம என்ன பண்ண முடியும்" என்றார் சார். மாற்றியது ரம்யா. குறிப்பு நான் எழுதினேன்: "@எச்சரிக்கை கை குறுக்கே போனாலும் பிரஸ் உடனே நிற்காது. கர்ட்டனை நம்ப வேண்டாம். டைக்குள் கை விடும் முன் மெஷினை நிறுத்தவும்."

பக்கத்தில் சிவப்பாக வந்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஜூலை 10

அந்த மேனேஜர் ஆபீசுக்கு வந்துபோனார். சமோசா. நல்ல மூடில் இருந்தார்.

ஜூலை 26, சனி

ஸ்டீவன்கூட வேலை செய்யற பாக்கியராஜுக்குக் கை போச்சு. வலது கை. ரெண்டு விரல்.

ஸ்டீவன் ஷிஃப்ட் முடிஞ்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். செருப்பைக்கூடக் கழட்டாம நின்னுக்கினு என்னையே பாக்கறான்.

"டைல தகடு மாட்டிக்கிச்சு. பேஜ தெறந்து பாத்தான். செவப்பு கட்டம் ஒண்ணியும் இல்ல, கர்ட்டன் கீது, கை வுடலாம்னான். வுட்டான்."

"செவப்பு கட்டம் இருக்குது. நான் எழுதினேன்."

"எங்க? காட்டு."

அவன் போனில் திறந்தேன். இல்லை. @காரணம் இருக்கிறது. @எச்சரிக்கை இல்லை. மறுபடி திறந்தேன். இல்லை.

"நான் தான் அவனாண்ட சொன்னேன், எங்க தங்கச்சி போட்டதுன்னு" என்றான். அப்புறம் குளிக்கப் போய்விட்டான்.

ஜூலை 27, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. என் புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். எங்கே விட்டேன்? நீளமான குறிப்பை வெட்டிவிடுகிறதா? இரண்டு குறி அடுத்தடுத்து வந்தால் குழம்புகிறதா? எல்லா மாதிரியும் எழுதி ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சிவப்பாகவே வருகிறது. பிறகு ஏன்?

என் தப்பாகத்தான் இருக்கும்.

ஜூலை 28, திங்கள்

என் தப்பு இல்லை.

ஆபீசில் கோட்டையே திறந்து பார்த்தேன். என் எச்சரிக்கை ஒரு எழுத்து மாறாமல் அங்கே இருக்கிறது. அதற்கு மேலே புதிதாக ஒரு வரி: @ஊடு.

எந்த வரியை யார் எப்போது போட்டார்கள் என்பது கோட்டோடு சேர்ந்தே பதிவாகும். ஜூலை 9. மேனேஜர் வருவதற்கு முந்தின நாள். ரம்யா.

ஜூலை 29

ஸ்டேஷனில் கேட்டேன். ரயில் வரும்வரை பொறுக்க முடியவில்லை.

"சார் சொன்னாருடி. மேனேஜர் வராரு, செவப்பா இருந்தா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் யாருன்னா வந்து பாத்தா பேஜார்னு. அவர் போனப்பறம் எடுத்துடலாம்னாரு. மறந்துட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல."

"சொன்னா நீ வுட்ருப்பியா?"

"ஸ்டீவன் அங்கதான வேல செய்றான், ரம்யா."

அவள் உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை: "அவன் அந்த மெஷின்ல இல்லியே."

அப்படியென்றால் பார்த்திருக்கிறாள். யார் எந்த மெஷினில் என்று விசாரித்து, ஸ்டீவன் கை இல்லை, வேறு யாருடைய கையோ என்று தெரிந்துகொண்டு போட்டிருக்கிறாள். மறந்தேன் என்கிறாளே, இதை மறக்கவில்லையே? அவளுக்கு இதில் நிம்மதிகூட இருந்திருக்கும் — சிநேகிதிக்குத் துரோகம் செய்யவில்லை என்று. பாக்கியராஜுக்கு ஆபீசில் தங்கச்சி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரயில் வந்தது. ஏறினோம். ஒரே பெட்டி, வேறு வேறு சீட்.

ஆபீசில் போய் அந்த @ஊடு வரியை எடுத்தேன். புரோகிராமை ஓட்டினேன். சிவப்புக் கட்டம் பக்கத்துக்கு வந்தது. நேராக சாரிடம் போய், எடுத்துவிட்டேன் என்றேன். கத்தவில்லை அவர். "உன்ன யாரும்மா கேட்டது" என்றார். சாயங்காலம் என் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். ரம்யா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 2

வேலை இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "ரம்யா சொல்லி வேலைய திரும்ப வாங்கிக் குடுக்கலாமே, பேசிப் பாக்கறதுதான" என்கிறாள். யாரிடம் பேச.

ஆகஸ்ட் 19

இதைக் கையால் எழுதவே முடியவில்லை.

பாக்கியராஜ் நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தார். அவர் கம்பெனியிலிருந்து பதில் வந்திருக்கிறது. மெஷினுக்கான பக்கத்தில் தெளிவான எச்சரிக்கை தமிழிலேயே உள்ளதாம். தொழிலாளி அதைப் படிக்காமல் அஜாக்கிரதையாக நடந்துகொண்டாராம். சாட்சிக்கு அந்தப் பக்கத்தையே பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறார்கள். சிவப்புக் கட்டம். "கர்ட்டனை நம்ப வேண்டாம்." என் வாக்கியம்.

நான் மறுபடி போட்டதை அவர்கள் எடுக்கவில்லை என்று சந்தோஷப்பட்டேனே. இதற்குத்தான் விட்டு வைத்திருக்கிறார்கள். அடிபடுவதற்கு முன்னால் மறைத்தார்கள், அடிபட்டதும் காட்டுகிறார்கள். ரெண்டுமே அவங்களுக்கு லாபம். எவ்ளோ சுலபமா இருக்குது இவங்களுக்கு.

ஸ்டீவனோடு போய் பாக்கியராஜைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இப்ப பாத்தா செவப்பா கீதும்மா. அப்ப இல்ல. எனக்கே சந்தேகமா கீது, நான்தான் பாக்கலியோன்னு" என்றார்.

அந்த மனுஷனைத் தன் கண்ணையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள். "இல்லண்ணா, அப்ப இல்லதான்" என்றேன். நான்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படித்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 21

லேபர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன்: அடிபட்ட அன்று பக்கத்தில் எச்சரிக்கை இல்லை, மறுபடி போட்டது நான், மறைத்தது யார் என்பது கோட் பதிவில் இருக்கிறது, கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா அழுகிறாள். "நாளைக்கு அவங்க நெலத்து பக்கம் நான் தல காட்ட வேணாமா? அந்தப் பொண்ணு உன்கூட ஒரே டப்பால துன்ன பொண்ணு." ஸ்டீவனை பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 9

ரம்யா போன் செய்தாள். ஸ்டேஷனில் பேசியதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எப்படி இருக்கே, அம்மா எப்படி என்று எதுவும் இல்லை.

"பதிவ எடுத்துனு வரச் சொல்லி ஆபீசுக்கு லெட்டர் வந்துகீது. என் பேர சொல்வியா?"

"சொல்வேன்."

"சார் சொல்லித்தான் பண்ணேன்னு சொல்வியா?"

"அத நீ சொல்லு."

"நீ என் பிரெண்டுன்னு நெனச்சேன்" என்றாள்.

நானும்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

திருவள்ளூர் லேபர் ஆபீஸ். ஒரு பக்கம் பாக்கியராஜ், ஸ்டீவன், நான். எதிரே அவர் கம்பெனி ஆள், வெங்கடேசன் சார், ரம்யா. ரம்யா நல்ல புடவை கட்டி வந்திருந்தாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. சார் கட்டச் சொல்லியிருப்பார்.

அதிகாரி அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பதிவைப் படித்தார். "ஜூலை ஒன்பதுல மறைச்சிருக்கீங்க. இருபத்தாறுல இவருக்கு விரல் போயிருக்கு. இருபத்தொன்பதுல திருப்பி வந்திருக்கு. அப்ப இந்த பிரின்ட் எதுக்கு என்கிட்ட கொண்டாந்தீங்க?"

சார் சொன்னார்: "இது எனக்கே இப்பதான் மேடம் தெரியுது. ரம்யா அவங்களா பண்ணது. நான் அப்படி எதுவும் சொல்லல."

ரம்யா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். ஜூலையில் ஸ்டேஷனில் அவளிடம் கேட்ட அன்று, ரயில் ஜன்னல் கண்ணாடியில் என் முகம் அப்படித்தான் இருந்தது.

"சார்… நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். கர்ட்டனைப் பழையபடி மாற்றும்வரை அந்த மெஷினை ஓட்டக்கூடாது என்று இன்ஸ்பெக்டருக்கு எழுதுவதாகவும், நஷ்டஈடு கேஸ் நடக்கும் என்றும் சொன்னார். பாக்கியராஜ் இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோணல் மாணலாக வந்தது. "இனிமே இதான் என் கையெழுத்து மேடம்" என்றார்.

சார் காரில் போய்விட்டார். ரம்யாவை ஏற்றிக்கொள்ளவில்லை.

பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ். ஸ்டீவனும் பாக்கியராஜும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் பெண்கள் பக்கம் ஜன்னலோரம். வண்டி கிளம்பும்போது ரம்யா ஓடி வந்து ஏறினாள். கூட்டம். வேறு இடம் எதுவும் இல்லை. என் பக்கத்து சீட்டில் என் பை இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள், புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

ஊர் வரும்வரை நான் பையை எடுக்கவில்லை.