ஹாக்லி என்றே சொன்னேன்

அம்மாவுக்கு, வடக்கே ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கெசியா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்த எங்களை பிரிட்டிஷ் கப்பல் இங்கே பத்திரமாக இறக்கிவிட்டது. எதிரி என்று எஜமான் சொன்ன பிரிட்டிஷ்காரர்கள்தான் சாப்பாடு போடுகிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

கரையில் பதிவேட்டில் எழுதக் குடும்பப் பெயர் கேட்டார்கள். என் புருஷன் எலியா, சுதந்திர மனிதன் என்று அர்த்தம் வரும்படி ‘ஃப்ரீமேன்’ என்றார். நான் நம்மை விலைக்கு வாங்கிய ஹாக்லியின் பெயரையே சொன்னேன்.

“கப்பலேறி வந்தும் அவன் பேரை விடமாட்டியாடி?” என்று கத்தினார். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைக்கு எந்தப் பெயரைச் சேர்ப்பது?

குளிர் கொஞ்சம்தான். பழைய கம்பளி இருந்தால் இதைப் படித்துக் காட்டும் படகுக்காரரிடம் கொடுத்தனுப்பு.

நான் செய்தது சரியா அம்மா? இங்கே பாதிப் பேர் ஃப்ரீமேன்தான். நீ தப்பி வந்தால், “ஹாக்லி வீட்டு கெசியா எங்கே?” என்றுதானே கேட்பாய்?

எழுதித் தரும் பாதிரியார் கிளம்புகிறார்.

உன் மகள்,
கெசியா ஹாக்லி