சாவியில் தொங்கிய கையுறை

குன்வோர்,

வாணலியில் மீன் வடை இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. படகை விலைபேச பெர்கனிலிருந்து வருபவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடு. படகு இருக்காது. நான் மீனுக்கு எடுத்துப் போகிறேன்.

நேற்று எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ வந்து, "உங்க தம்பிய முழுங்கின படகு, வித்துத் தொலைங்க" என்று கத்தினாய். கோபத்தில் வால்வைத் திறக்காமலே வந்துவிட்டேன்.

காலையில் அது நினைவில்லை. எஞ்சினைக் கிளப்பப் போனால், சாவியில் ஒரு கம்பளிக் கையுறை தொங்குகிறது. வால்வை மூடினால் ஸ்டைனார் அப்படித்தான் மாட்டிவைப்பான். "இதப் பாத்தாவது திறப்பியாண்ணே, தண்ணி வராட்டி எஞ்சின் வெந்துடும்" என்பான்.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவன் கடலில் விழுந்த அன்று போட்டிருந்தானே, நீ பின்னியது, அதே சிவப்புக் கோடு.

வால்வைத் திறந்துவிட்டேன். கையுறை அடுப்புக்கு மேல் காய்கிறது.

ஆஸ்பியோர்ன்

பி.கு. அதே மாதிரி இன்னொன்று பின்னி நீதான் மாட்டினாய் என்றால், சாயங்காலம் சொல். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாதே.