பருப்பு வெந்த தண்ணீர்

என் சரசு அக்காவுக்கு,

நாளைக் காலைக்குள் வீட்டை முடிவு செய்தாக வேண்டும். இவருக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை. பட்டாபிராமில் ஒரு வீடு பார்த்தோம். கிணறு வெட்டவெளியில் தனியாக இருக்கிறது. ஆனால் இவர் தினமும் ரயிலில் போய்வர வேண்டும். அம்பத்தூர் வீடு என்றால் நடந்தே போய்விடலாம். நீயே சொல் என்கிறார். எனக்கு வாய் திறக்கவே பயம். வீடு பார்ப்பதில் என் ராசி உனக்குத் தெரியாதா?

திருச்சியில் உனக்கு வீடு பார்த்தது நான்தானே. அங்கேயே படிக்கிற பெண் என்று அத்தான் என்னிடம் விட்டார். கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துவந்து விடுதிச் சமையலறையில் துவரம்பருப்பு வேகவைத்தேன், அம்மா செய்வது போலவே. மலர்ந்து வெந்தது. 'நல்ல தண்ணீர், தைரியமாக வா' என்று கார்டு போட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கக்கூஸ் குழி இருந்ததைப் பார்க்கவில்லை. பருப்புக்கு அது தெரியாதே, அக்கா. முதல் மழைக்குப் பிறகு உனக்குக் காமாலை. பத்தே நாளில் போய்விட்டாய்.

அந்தக் கார்டை நீ வைத்திருந்தாயா?

ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் வீட்டில் முதல் வேலையாக மதிலை எட்டிப் பார்த்தேன். "இன்னாம்மா, அந்தாண்ட இன்னா பாக்கறே? ஊடு இந்தாண்ட கீது" என்று வீட்டுக்காரம்மா சிரித்தார். அந்தப் பக்கம் கக்கூஸ்தான். கிணற்றிலிருந்து பன்னிரண்டு எட்டுகூட இருக்காது.

திரும்பினால் என் குழந்தை வாயில் சொம்பு. வீட்டுக்காரம்மா கொடுத்த தண்ணீர். பாய்ந்து பிடுங்கினேன். பாதி தரையில் கொட்டியது.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "எங்க ஊட்டுத் தண்ணி உங்களுக்கு ஆவாதா? சாதி பாக்கறவங்க மொதல்லியே சொல்லக்கூடாதா?"

இவர் தலைகுனிந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னை, பருப்பை, கார்டை. இவருக்கே அதுவரை சொன்னதில்லை.

அந்த அம்மா என்னை உள்ளே கூட்டிப்போய் அடுப்பின் மேல் ஆறிக்கொண்டிருந்த அண்டாவைக் காட்டினார். "எம் பெரியவன் வாந்திபேதில போனான். அதுலேர்ந்து காய்ச்சாம ஒரு சொட்டு யாருக்கும் குடுக்கறதில்ல. உம் பொண்ணுக்குக் குடுத்ததும் இதான். கெணத்துத் தண்ணி துணி தோய்க்க, ஏனம் தேய்க்கத்தான். பொய் சொல்லி ஊடு உடமாட்டேன்மா."

சொம்பில் மிச்சமிருந்ததை நான் ஒரு வாய் குடித்தேன். குழந்தைக்கும் கொடுத்தேன்.

பட்டாபிராம் கிணற்றைப் பற்றி எனக்கு யாரும் இவ்வளவு சொல்லவில்லை, அக்கா. அம்பத்தூர் என்றே இவரிடம் சொல்லப்போகிறேன். சரியா, தப்பா? இந்த முறையாவது சரியாக இருக்குமா?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் தண்ணீரைக் காய்ச்சுவேன்.

உன்னை வரச்சொல்லிக் கார்டு போட்ட தங்கை,
விமலா